மேசைக்கு அடியில் இருவர்

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. போரில் நம் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டு எங்களை வெவ்வேறு ஊர்க் கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பினார்களே, என் வகுப்பிலிருந்து இந்த ஊருக்கு வந்தது நான் ஒருத்திதான். இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. போர்வை தந்தார்கள், புத்தகம் தந்தார்கள். ஆனால் நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் மேசையே கப்சிப் ஆகிவிடுகிறது. அறைத்தோழி "லைட்டை அணைக்கவா?" என்பதைத் தவிர எதுவும் கேட்பதில்லை. முடியவில்லை அக்கா. படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அத்தானை லாரியோடு அனுப்பு. முகாமில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்தாலாவது மனுஷக் குரல் கேட்கும்.

உன் வாலு


ஜூன் 13

அடி வாலு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துத் தொலைத்தேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. நீ கிளம்பி வந்துவிட்டால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், பிறகு தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. அதை நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது. ஆனால் பேச ஆளில்லாமல் நீ வாடிப்போவதை என்னால் தாங்க முடியாது. அத்தான் இருபதாம் தேதி அந்தப் பக்கம் சுமை இறக்க வருகிறார். பெட்டியைக் கட்டி வை. வழியில் அவரோடு சண்டை போடாதே.

அக்கா


ஜூன் 20

அக்கா,

பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் நேற்று கடைசியாக ஆய்வகத்துக்குப் போனேன். யாரோ வெளியே இரும்பு ஷட்டரைக் குண்டு விழுந்தது போல டமாலென்று இழுத்து விட்டார்கள். அவ்வளவுதான், நான் மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மானம் கப்பலேறிவிட்டது. கண்ணைத் திறந்தால் எதிர் மேசைக்கு அடியில் இன்னொரு ஆள்! எங்கள் வகுப்பு நெட்டையன், ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். காலை மடக்க இடமில்லாமல் கிடந்தான்.

"நீயுமா?" என்றேன்.

"சத்தமா சொல்லாத. ஒரு வருஷமா உள்ளூர்க்காரன்னு சொல்லிட்டுத் திரியறேன்."

"இப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே!"

யோசித்துவிட்டு, "ஆமால்ல!" என்றான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். வெளியே வரவே முடியவில்லை.

மாலையில் அறைத்தோழி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "நானும் சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. உன்கிட்ட எதைக் கேட்டாலும் அழுதுடுவியோன்னு பயந்துதான் வாயே திறக்கல" என்றாள். திறந்த வாயை அப்புறம் மூடவேயில்லை. இனி எனக்குத் தூக்கம் கிடையாது. இன்று ஒட்டகம் நம்மைப் போல வந்த இன்னும் சிலரைத் தேடிப் பிடித்து வந்தான். எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். பக்கத்து மேசைக்காரர்கள் சத்தம் தாங்காமல் திட்டினார்கள். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா!

நான் வரவில்லை அக்கா. அத்தானை வெறுங்கையோடு அனுப்புகிறேன் என்று திட்டாதே.

வாலு


ஜூன் 22

என் தங்கமே,

லாரிச் சத்தம் கேட்டதும் ஓடினேன். அத்தான் மட்டும் இறங்கினார். பாவி மனுஷன், கடிதத்தை நீட்டாமல் முதலில் தண்ணீர் கேட்கிறார்!

இனி மறைக்க என்ன இருக்கிறது? அம்மாவுக்கு உரக்க வாசித்தேன். அந்தப் பையன் "ஆமால்ல" என்ற இடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லையடி. நான் வாசிப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீதியை அம்மாதான் வாங்கி எனக்கு வாசித்துக் காட்டினாள்.

அக்கா