முதல் வாரம் என்னுடையது

ஜூன் 3

அன்புப் பாப்பாவுக்கு,

நலம். கழுத்துக் காயம் ஆறிவிட்டது. இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல்வளையை எடுத்த இடத்தில் ஒரு சிறு துளை, அதன்மேல் ஒரு துணி, அவ்வளவுதான். கண்ணாடியில் பார்க்கப் பழகிவிட்டேன். போனில் நீ பேசிப் பேசி அழுவதும், பதில் சொல்ல வழியில்லாமல் நான் விழித்துக்கொண்டு நிற்பதும் இனி வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். அலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவதற்குள் சொல்ல வந்ததே மறந்துபோகிறது.

இப்போது சேதிக்கு வருகிறேன். கல்லூரி முதல்வர் ஒப்புக்கொண்டார்! முதலாண்டு இயற்பியலின் முதல் வாரம் என்னுடையது. வெள்ளிக்கிழமை அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளைகளுக்குப் புரிந்திருந்தால் ஆண்டு முழுக்க வகுப்பு எனக்கு. புரியவில்லையென்றால் நானே ராஜினாமாவை நீட்டிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்னேன் என்றால், எழுதிக் காட்டினேன். பழைய பேச்சு லேசில் போகிறதா?

முதல் நாள் உள்ளே போய்ப் பலகையில் ஒரே வரி எழுதப்போகிறேன்: 'இந்த மேசையின் நீளம் என்ன?' ஆளுக்கோர் அளவுகோலைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வேன். அறுபது பேர் அளந்தால் நாற்பது விடையாவது வரும். அத்தனையையும் அவர்களே பலகையில் எழுதட்டும். எது சரி என்று சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம். யாருடைய அளவும் முழுக்கச் சரியாக இருக்காது, எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷமாகத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. இந்தப் புத்தி முன்பே வந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனுக்கு முத்தம்.

உன் அப்பா


ஜூன் 9

என் அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மேசையின் நீளத்துக்கு மட்டும் அரைப் பக்கம்!

இங்கே உங்களுக்கு அறை தயார். ஜன்னல் பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். உங்கள் மாப்பிள்ளையே மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தாத்தா எப்போது வருவார் என்று வாண்டு தினமும் என் உயிரை எடுக்கிறான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வகுப்பு வேண்டாமே, அப்பா. ஆபரேஷன் முடிந்து நான் அங்கே இருந்தபோது மருந்துக்கடையில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. சீட்டில் நீங்கள் எழுதி முடிப்பதற்குள் பின்னால் நின்ற ஆள், "வாயத் தொறந்து சொல்லுங்க பெரியவரே, முத்தா உதிர்ந்துடும்?" என்றான். கடையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நான் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த ஒருவனையே என்னால் தாங்க முடியவில்லை. இங்கே அறுபது பேர், அதுவும் பள்ளியை விட்டு இப்போதுதான் வருகிற வயசு. அம்மா இருந்திருந்தால் அவளாவது உங்களைப் பிடித்து நிறுத்தியிருப்பாள்.

நான் சொன்னால் நீங்கள் கேட்கவே மாட்டீர்களா?

உங்கள் பாப்பா


ஜூன் 16

அன்புப் பாப்பாவுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். மெதுவாகத்தான் விழுங்க முடிகிறது, ஆனாலும் தட்டில் மிச்சம் வைப்பதில்லை. போதுமா?

காலி வகுப்பில் ஒத்திகை பார்த்தேன். ஆய்வக உதவியாளரை முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஐந்தாவது நிமிஷம் மனுஷன் நன்றாகத் தூங்கிவிட்டார். முன்பென்றால் ஒரு அதட்டலில் எழுப்பியிருப்பேன். இப்போது பக்கத்தில் போய்த் தோளைத் தொட வேண்டியிருந்தது. அதில் ஒன்று கற்றுக்கொண்டேன். இனி நான் பலகையோடு ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெரிய அட்டைகளில் 'ஏன்?', 'நிச்சயமா?', 'மறுபடி அளந்து பார்' என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். மறுநாள் அவற்றோடு அவருக்கே நடத்திக் காட்டினேன். "முன்னல்லாம் நீங்களே எல்லாத்தையும் சொல்லிடுவீங்க சார், நான் சும்மா கேட்டுக்கிட்டிருப்பேன். இப்ப யோசிக்க வேண்டியிருக்கு. தலை வலிக்குது" என்றார். இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு எவனும் கொடுத்ததில்லை.

மருந்துக்கடையை நான் மறக்கவில்லை, பாப்பா. எனக்கும் வலித்தது. நீ பக்கத்தில் இருந்தாயே என்றுதான் சிரித்து வைத்தேன். பிள்ளைகளும் சிரிப்பார்கள். திங்கள் சிரிப்பார்கள், செவ்வாயும் கொஞ்சம் சிரிப்பார்கள். அதற்குமேல் ஒரே ஆளைப் பார்த்துச் சிரிக்க எவனுக்கும் பொறுமை இருக்காது. தோற்றாலும் தோற்பேன், அது எனக்குத் தெரியாதா? தோற்றால் அடுத்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு உன் வீட்டு வாசலில் நிற்கிறேன். இது என் வாக்கு. ஆனால் நின்று பார்க்காமல் போனால் மனசு ஆறாது. வகுப்பைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும், சொல்.

உன் அப்பா


ஜூன் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம்.

நான் என்ன சொல்ல? உங்கள் முதல்வருக்கு உங்கள்மேல் ரொம்ப மரியாதை உண்டு. அவர் எது செய்தாலும் உங்கள் நல்லதுக்குத்தான் செய்வார். எதுவானாலும் மனசு ஒடிந்து போகாதீர்கள். நான் வாங்கித் தந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாண்டுக்குச் சளி, அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் பாப்பா


ஜூன் 30

மகளுக்கு,

நேற்றுத் திங்கட்கிழமை. நீலச் சட்டைதான் போட்டுக்கொண்டு போனேன். சீக்கிரமே போய் எல்லா பெஞ்சிலும் அளவுகோல்களை வைத்தேன். பலகையில் அந்த ஒரு வரியையும் எழுதினேன். மணி அடித்தது. வருகைப் பதிவேட்டோடு உள்ளே வந்தவர் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியை. "சார், உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைகள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே அளவுகோல்களைத் திரும்பப் பொறுக்கினேன். யாரும் சிரிக்கவில்லை. அதை உனக்குச் சொல்லியாக வேண்டும். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைப் பார்த்து, இருந்த இடத்திலிருந்தே எடுத்து எடுத்துக் கொடுத்தார்கள்.

முதல்வர் தம் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "உங்க பொண்ணே எழுதிக் கேட்டுக்கிட்டாங்க சார். பசங்க கேலி பண்ணி உங்க மனசு உடைஞ்சா தாங்க முடியாதுன்னு. பெத்த பொண்ணு சொல்லும்போது நான் எப்படி மறுக்கிறது?" என்றார். கருவிகள் அறையைப் பார்த்துக்கொள்ளலாம், சம்பளம் அதேதான் என்றார். 'என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?' என்று எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிப்பதற்குள் அவருக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். வேலையை விட்டுவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து குரல் இனி வராது என்று சொன்னபோது நான் அழவில்லை, நீதான் அழுதாய். நேற்றுக் கருவிகள் அறையில் உட்கார்ந்து அழுதேன். அழுதாலும் சத்தம் வரவில்லை. வாய் அடைபட்ட ஒருவனைப் பற்றி ஊரே கூடிப் பேசி முடிவெடுக்கும் என்பதை ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிட்டேன். அவர்களோடு நீயும் சேர்ந்துகொள்வாய் என்று நினைக்கவில்லை. தோற்றால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே. என்னைத் தோற்கக்கூட நீ விடவில்லை.

அந்த அறையை வேறு எதற்காவது வைத்துக்கொள். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. தீர்ந்தால் எழுதுகிறேன்.

அப்பா


ஆகஸ்ட் 18

அப்பா,

நீங்கள் கடைசியாக எழுதிய பிறகு நான் போடும் நான்காவது கடிதம் இது. முந்தின மூன்றையும் படித்தீர்களா, பிரிக்காமலே வைத்துவிட்டீர்களா என்று தெரியவில்லை.

இனிச் சாக்குச் சொல்லப்போவதில்லை. முதல்வருக்கு எழுதிப் போட்ட பிறகுதான் உங்கள் வாக்கு வந்தது. அப்போதும் காலம் இருந்தது. ஒரு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எண்ணைக்கூட அழுத்தினேன். பிறகு அந்த மருந்துக்கடைச் சிரிப்புக் காதில் கேட்டது, வைத்துவிட்டேன். நீங்கள் அவமானப்படுவதைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை. உங்களுக்கு இருந்தது. என் பயத்துக்காக உங்கள் வகுப்பைப் பிடுங்கிவிட்டேன்.

நேற்று வீட்டு போனுக்கு அழைத்தேன். எடுக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன், எடுத்துவிட்டீர்கள். உங்கள் மூச்சு கேட்டது. நான் என்னென்னவோ உளறினேன். வாண்டு பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கடைசியில், "அப்பா, என்னை மன்னிச்சிருந்தா ரிசீவர ஒருதடவை தட்டுங்க. ஒரே ஒருதடவை போதும்" என்றேன்.

அப்புறம் நான் பேசவே இல்லை. உங்கள் மூச்சு மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. என் ஆறுதலுக்காக ஒரு பொய் தட்டு தட்டக்கூடியவர் நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் காதை அழுத்திக்கொண்டு நின்றேன். போதும் வை என்று உங்கள் மாப்பிள்ளை வந்து சொன்னார். நான் வைக்கவில்லை.

நீங்கள்தான் வைத்தீர்கள். எனக்கு வலித்துவிடக் கூடாது என்பதுபோல, ரொம்ப மெதுவாக வைத்தீர்கள், அப்பா.

பாப்பா