ஈச்சங்கள் ரொட்டி

அக்கா,

காலையில் மூடியைத் திறந்ததும் ஈச்சங்கள்ளின் புளித்த வாடை. ராத்திரி பிசைந்துவைத்த கோதுமை மாவு பாத்திர விளிம்புவரை பொங்கியிருந்தது. எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. செத்தவளிடம் என்ன கோபம் என்பார்கள். எனக்கு இருக்கிறது.

ஜோலார்பேட்டை ரயில்வே லைன் வீடுகளில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். மாவு உப்ப ஒரு கிண்ணம் கள் ஊற்றுவாய். இரும்புச் சட்டியில் மணல் பரப்பி உள்ளே மாவை வைத்து, அடியிலும் மூடிமேலும் தணல் போடுவாய். "மேல கம்மியா போடுடி, கருகிடும்!" என்று என்னை அதட்டுவாய். வேதக்கோவில் திருவிருந்துக்கு உன் ரொட்டிதான் போகும். உனக்கிருந்த பெருமை அது ஒன்றுதான்.

புதிதாக வந்த போதகர், இனி கள்ளைத் தொடுவதில்லை என்று சபையாரிடம் சத்தியம் வாங்கினார். அதற்குப் பிறகும் உன் ரொட்டியைத்தான் பிட்டுக் கொடுத்தார், தானும் தின்றார். அது எதனால் உப்புகிறது என்று யார் கேட்டார்கள்? ஒருநாள் உன் புழக்கடையில் கள் விற்பவனைப் பார்த்துவிட்டார்.

"குடிக்கிற பொம்பள சுட்ட ரொட்டி கர்த்தர் மேசைக்கு ஆகாது" என்றார், எல்லார் முன்னாலும். ஒரு சொட்டு நாக்கில் வைத்தவளா நீ! தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாய்.

"மாவுக்குத்தான்னு சொன்னா இன்னா?" என்று கத்தினேன்.

"சொன்னா, சத்தியம் கெட்டுப்போச்சேன்னு தின்னவங்களுக்கு மனசு நோவும்டி. நீயும் சொல்லாத." கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டாய்.

அப்புறம் வேலூர் லாங் பஜாரிலிருந்து ரொட்டி வரவழைத்தார்கள். நான் அங்கே போனபோது அந்தக் கடை பாயிடமே கேட்டேன். "கள்ளு ஊத்தாம மாவு எப்படிம்மா எழும்பும்?" என்று சிரித்தார். அன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வீடு வந்தேன்.

போன வாரம் உன்னைக் குழியில் இறக்கும்போது, "பலவீனம் இருந்தாலும் நல்ல சகோதரி" என்றார் போதகர். பலவீனமாம்!

இன்று திருவிருந்து. உன் சட்டியில் சுட்ட ரொட்டியையும் மிச்சக் கள்ளையும் கொண்டுபோய் அவர் முன்னால் ஒன்றாக வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், கடை ரொட்டியிலும் கள்தான் என்பதையும் சேர்த்து.

"அந்தம்மா இத அப்பவே ஏன் சொல்லல?" என்றார்.

"உங்க மனசு நோவும்னுதான்" என்றேன்.

ரொட்டியை ஒருவரும் தொடவில்லை. நான் மட்டும் பிட்டுத் தின்றுவிட்டு வந்தேன். சட்டி இனி என் அடுப்படியில்தான் இருக்கும். உனக்குக் கொடுத்த வாக்கு போயிற்று.

நோகட்டும், அக்கா.