உன் பேத்தி தூக்கிய கை

காலையில் உன் மகள் போனில் ஒரு போட்டோ அனுப்பினாள். அமெரிக்காவில் உன் பேத்தியின் வகுப்பறை. அவள் கை தூக்கிக்கொண்டிருக்கிறாள். முழங்கை மடங்கி, விரல் மட்டும் நிமிர்ந்து, அச்சாக உன் கை. நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. கையை மட்டும் அங்கே அனுப்பிவிட்டாயோ என்று நினைத்தேன்.

என்னை உனக்குத் தெரியாதா? எட்டாவதை இரண்டு தடவை படித்தவன். ஒரே தடவை படித்தவனைவிட எனக்கு இரட்டிப்பாகத் தெரியும். போன மாசம் அவள் பள்ளிக்கூடத்தில் தாத்தா பாட்டிகளை வீடியோவில் பேசச் சொன்னார்கள். நீ இல்லாததால் இஸ்திரிச் சட்டை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். நான் சொல்வதை உன் மகள் இங்கிலீஷில் மாற்றிச் சொல்லச் சொல்ல அள்ளிவிட்டேன். "இவ தாத்தா கரும்பு லாரியத் தூரத்துல பார்த்தே எத்தினி டன்னுன்னு சொல்வாரு. கலெக்டரே ஜீப்ப நிறுத்திக் கணக்கு கேட்டுட்டுப் போவாரு. எங்க ஊரு ரத்தத்துலயே கணக்கு ஓடுது!" டீச்சரம்மா கை தட்டினார். தவளக்குப்பம் டீக்கடையில் அதை ஒரு வாரம் ஓட்டினேன்.

நீ இருந்திருந்தால், "இன்னாடா, நீ வுடுற டூப்புக்கு ஒரு நாள் எவனாவது பரீட்சை எழுதப் போறான்" என்று சிரித்திருப்பாய். எழுதியது உன் பேத்தி.

அவளுக்குக் கணக்கு வரவில்லை. போனில் அழுதாள். "தாத்தா, புரியலன்னு கை தூக்கினா டீச்சர் சிரிச்சிட்டுப் போயிடறாங்க. இந்தியப் பசங்களுக்குத் தானா வந்துடுமாம். நீங்க வேற அப்படிப் பேசிட்டீங்க!" கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் படிக்கிற பெரிய வகுப்பில் இவளைப் போட்டுவிட்டார்களாம். அதுவரை இவளுக்குச் சொல்லிக்கொடுத்த தோழி ஒரு கறுப்பினப் பெண். அவள் விடை தெரிந்து கை தூக்கினாலும் யார் கண்ணிலும் படாதாம். அவளைக் கணக்கு வராதவர்கள் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்களாம்.

கேட்டதும் அலுத்துப் போனது. அத்தனை தூரம் பிளேன் ஏறிப் போயும் அதே பெஞ்சா? நம் வகுப்பில் நீ கடைசி பெஞ்ச், காலனிப் பையன். நான் முதல் பெஞ்ச், கரும்புக்காரர் மகன். நீ கை தூக்குவாய். "உங்களுக்கு எதுக்குடா இதெல்லாம்" என்று சார் வேறு பக்கம் பார்ப்பார். நான் திரும்புவேன், நீ உதட்டை அசைத்து விடையைக் காட்டுவாய், நான் சத்தமாகச் சொல்வேன். சார் என் முதுகில் தட்டுவார்.

போன வாரம் டீச்சரம்மாவிடம் மறுபடி பேசினேன். "நான் சொன்னதுல பாதி டூப்பும்மா. தாத்தா நெசமாவே புலி. அவரைக் கடைசி பெஞ்சுல வச்சாங்க. இவ புலி இல்ல, சொல்லிக்கொடுங்க. அந்தக் கூட்டாளிப் பொண்ணு கையையும் பாருங்க."

உன் மகள் தயங்கினாள். "மாமா, இதையும் சொல்லணுமா?"

"சொல்லும்மா."

திங்கட்கிழமையிலிருந்து உன் பேத்திக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். போட்டோவில் டீச்சரம்மா அவள் பக்கம் குனிந்திருக்கிறார். இன்னொருத்தியைப் பற்றி "பார்க்கலாம்" என்றார்களாம். போட்டோவில் தேடிப் பார்த்தேன். அவள் இல்லை.

"இன்னா மாமா, உங்க அமெரிக்காக் கணக்குப் புலி எப்படிக்கீது?" என்று டீக்கடையில் கேட்டார்கள். டீ கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

'சார், பின்னாடி பாருங்க.' முதல் பெஞ்சிலிருந்து இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அமெரிக்காவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். நீ இருந்த வகுப்பில் சொல்லவில்லை. அந்த மூன்று வார்த்தை இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.