கண்ணாடிக்கு அப்பால் சோறு

நிலா, வடக்குச் சரிவு. ஆய்வு ஊர்தி எண் 2. 12.10

துளையிடும் வேலை முடிந்தது. பாறை மாதிரிகள் பெட்டியில் பத்திரம். குறிப்பைக் குரலில் சொல்கிறேன்; ஊர்தி எழுத்தாக்கிக்கொள்ளும், வானொலியில் வருவதையும் சேர்த்து.

பெயர் ஜெசிந்தா. புவியியலாளர். சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய். கையில் ஒட்டிய சர்க்கரை சென்சார் 148 காட்டுகிறது. இன்றைக்கு முகாம் டாக்டர் நூருல்லாவின் பேச்சைக் கேட்டு, சாப்பாட்டுக்கு முன்பே முழு அளவு இன்சுலின் போட்டுவிட்டேன். எட்டு யூனிட். எலுமிச்சைச் சாதம் சூடாகிறது.

12.31

பின்ஜன்னலின் ரப்பர் வளையம் பிளந்துவிட்டது. ஊர்திக்குள் காற்று இல்லை. சுவரில் தொங்கிய அவசர உடைக்குள் நுழையத்தான் நேரம் இருந்தது. காயம் இல்லை. மூச்சுக் காற்று மாலை வரை போதும்.

சாதத்தை ஒரு வாய்கூட வைக்கவில்லை.

தட்டு எதிரில் இருக்கிறது. காற்றில்லாத இடத்தில் சோறு ஒரு கணம் கொதித்துப் பொங்கி, பிறகு உறைந்து வெளுத்துவிட்டது. குளுக்கோஸ் மாத்திரை டப்பா முழங்கைக்குப் பக்கத்தில். தலைக்கவசத்தைத் திறந்தால் செத்துப்போவேன். உடையின் குழாயில் வெறும் தண்ணீர்தான் வருகிறது.

கவசத்தின் திரையில் சர்க்கரை 131. உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க வழி கிடையாது.

12.50

முகாமுக்குச் சொல்லிவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் துரைப்பாண்டி அடுத்த ஊர்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

நூருல்லா: "ஜெசிந்தாம்மா, கையக் கால ஆட்டாம உக்காருங்க. அசைஞ்சா சக்கர இன்னும் வேகமா எறங்கும்."

"ஊசி பக்கத்துலதான் இருக்கு டாக்டர். லோ சுகருக்குப் போடுற ஊசி. உடையைக் குத்திட்டுப் போடலாமா?"

"வேணாம்மா. ஓட்ட விழுந்துரும்."

பிறகு அவரே, "நான்தான் முன்னாடியே போடச் சொன்னேன்" என்றார்.

கல்லூரி நாளில் நாகர்கோவில் பேருந்தில் ஒருமுறை லோ சுகர் வந்து விழுந்தேன். குடித்திருக்கிறாள் என்று நினைத்து நடத்துநர் இறக்கிவிட்டார். கண் விழித்தபோது நிறுத்தத்துத் தரையில் கிடந்தேன், செருப்பில்லாமல். அன்றிலிருந்து, நூருல்லாவிடம் வரும்வரை, சர்க்கரையை இருநூறுக்குக் கீழே விட்டதில்லை. சிறுநீரகம் கெடும் என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். கெட்டால் கெடட்டும் என்றிருந்தேன். படுக்கும்முன் இரண்டு பிஸ்கட், காலையில் கண் விழித்தால் ஒரு நிம்மதி. அந்தப் பயம் என்னவென்று அதை அறியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடிந்ததே இல்லை. வலிக்குப் பயப்படவில்லை. நான் இருக்கும்போதே நான் இல்லாமல் போவேனே, அதற்குத்தான்.

104. அம்புக்குறி கீழ்நோக்கி.

13.08

78. இப்படியே உட்கார்ந்திருந்தால் துரைப்பாண்டி வரும்போது என்ன மிச்சமிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்கக் கூடாது.

இன்னொரு வழி இருக்கிறது. பிளவை அடைத்தால் ஊர்தியை ஒருமுறை நிரப்பக் கலனில் காற்று உண்டு. பிறகு கவசத்தைத் திறந்து சாப்பிடலாம். ஆனால் அது குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலை.

நூருல்லா: "ரெண்டுமே ஆபத்துதாம்மா. நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா ஒண்ணு, அம்பதுக்குக் கீழ போனா யோசனை தடுமாறும். அப்ப நாங்க சொல்றத அப்படியே செய்யணும். சரியா?"

சரி என்றேன். அடைக்கப் போகிறேன்.

13.29

அடைத்தாயிற்று. பசை இரண்டு முறை கை நழுவியது. உள்ளே வியர்வையா நடுக்கமா, ஒன்றுமே தெரியவில்லை. என் உடம்பு எச்சரிப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது. எண்ணைப் பார்த்துத்தான் எனக்கு என் நிலைமை தெரியும்.

57. இரண்டு அம்பு.

வால்வைத் திறந்துவிட்டேன். காற்று நிரம்புகிறது. மெதுவாக. மிக மெதுவாக. பச்சை விளக்கு எரிந்தால் திறக்கலாம். சிவப்புதான் எரிகிறது.

13.41

44. சிவப்பு. தட்டு இரண்டாகத் தெரிகிறது. இரண்டிலும் சோறு இருக்கிறது, அது நல்லதுதான்.

துரைப்பாண்டி: "யக்கா, மேட்டத் தாண்டிட்டேன். பேசிக்கிட்டே வாங்க. எதாவது சொல்லுங்க."

என்ன சொல்வது என்று கேட்டேன். "அப்பா பேரு சொல்லுங்க" என்றான். சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அழுகிறான் போலிருக்கிறது. ஏன் என்று

13

விளக்கு நிறம் மாறிவிட்டது.

நூருல்லா: "பச்சை எரியுதும்மா. எங்களுக்கு இங்க தெரியுது. காத்து இருக்கு. கழுத்துக்கு இடது பக்கம் கொக்கி இருக்கும். அத இழுங்க."

கொக்கி இருக்கிறது. கை வைத்திருக்கிறேன்.

துரைப்பாண்டி: "இழுங்க யக்கா. ஒரே இழுப்பு. மாத்திரைய வாயில போட்டுருங்க."

திறந்தால் காற்று போய்விடும். திறக்கக் கூடாது என்பது முதல் பாடம். இவர்கள் மறந்துவிட்டார்கள், பாவம். அடித்துச் சொல்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் செய்துவிடுவேன் என்று

கையை எடுத்துவிட்டேன்.

நூருல்லா: "ஜெசிந்தாம்மா, உங்க பயத்த எனக்குத் தெரியும். இப்ப அத நம்பாதீங்க. என்ன நம்புங்க. கொக்கிய இழுங்க."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். இனி தவறி இழுக்கவும் முடியாது.

துரைப்பாண்டி: "யக்கா."

பத்திரமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். எல்லாரும் கத்த வேண்டாம். நான் பத்திரமாக

14.02. ஊர்தியின் தானியங்கிப் பதிவு

உள் காற்றழுத்தம்: இயல்பு.
சர்க்கரை: அளவிட இயலாத குறைவு.
குரல்: இல்லை.