ஓயா என்ற சொல்

மார்ச் 9, ஞாயிறு

தங்கச்சி ஆற்றோடு போய்விட்டாள் என்று இன்று கொஞ்ச நேரம் நம்பினேன். அப்படி எதுவும் இல்லை, நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அம்மாவோடு பதுளைக்குப் பக்கத்து ஆற்றுப் பூங்காவுக்குப் போயிருந்தோம். இரண்டு பக்கமும் காட்டு மலை, நடுவில் பாறைகளுக்கிடையே இரைந்துகொண்டு ஓடும் ஆறு, சிங்களத்தில் ஓயா. "கையை விட்றாத"ன்னு சொல்லித்தான் அம்மா தங்கச்சியை என்னிடம் விட்டார். நான் ஒரு மரத்தின் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டுத் திரும்பினால் அவளைக் காணோம்.

கூப்பிட்டுக்கொண்டே கரையோரம் ஓடினேன். மேட்டிலிருந்து பூங்காக் காவல்காரர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். தண்ணீர் இரைச்சலில் "ஓயா", "நங்கி" என்ற இரண்டு சொற்கள்தான் விளங்கின. ஆறு. தங்கச்சி. செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன்.

இடுப்பளவு போவதற்குள் அவர் ஓடிவந்து இழுத்துக் கரையேற்றினார். அவர் பின்னால் தங்கச்சி கொய்யாப்பழத்தைக் கடித்தபடி நின்றாள்.

"ஏன்க்கா குளிக்கிற? அம்மா ஏசுவாங்க!"

அவர் சொன்னது "ஓயாகே நங்கி மெஹே." உன் தங்கச்சி இங்கே இருக்கிறாள். சிங்களத்தில் 'நீ' என்பதும் ஓயாதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். சிங்களப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல்!

அம்மா ஏசவில்லை. "ஒனக்கு நீச்சல் தெரியுமாடி?" என்று மட்டும் கேட்டார். பிறகு என் பாவாடையைப் பிழிந்துவிட்டார், ரொம்ப நேரம்.

தங்கச்சி தூக்கத்தில் காலைத் தூக்கி என் மேல் போடுகிறாள். மற்ற நாளென்றால் தள்ளிவிட்டிருப்பேன்.