நித்யாவின் வண்டியில் ஒரு கேன் பெட்ரோல்

என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, அதனால் கடிதத்திலும் இப்படித்தான் வருகிறது. படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் நம் பெண் நித்யாவும்தான்.

நீங்கள் போன பிறகு உங்கள் மோட்டார் சைக்கிளை அவள்தான் ஓட்டுகிறாள். ஆபீசுக்கு மட்டும் என்றுதான் சாவியைக் கொடுத்தேன். இப்போது தோழிகள் இரண்டு பேருடன், ஆளுக்கொரு வண்டியில், ஹைதராபாத்திலிருந்து ஸ்பிதி வரைக்கும் ஓட்டிக்கொண்டே போகிறாளாம். இமயமலைக்கு. யாரைக் கொண்டிருக்கிறாள் என்று கேட்கவா வேண்டும்?

முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதமாக வீட்டில் பேச்சு பாதிதான். உங்கள் உயிர் வண்டியில் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆனால் எனக்குச் சோபாவைப் பார்த்துப் பயமில்லை, வண்டியைப் பார்த்தால்தான் பயம். இது என்ன நியாயம், சொல்லுங்கள்?

நேற்றுச் சாயங்காலம் என்னைக் கேட்காமலே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்றுதான் இருந்தேன். திரும்பிவிட்டேன். பெட்ரோல் கேனைக் காணோம்.

"கேன் எங்கடி?"

"எதுக்குமா அது? லைட் தீஸ்கோ, பெருசா எடுத்துக்காத. பங்க் எங்க இருக்குன்னு போன்லயே காட்டும்."

"சிக்னலே இல்லாத இடத்துல போன் என்னத்தைக் காட்டும்?"

"ரொம்ப வெயிட்டுமா. அஞ்சு லிட்டர்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். பரணிலிருந்து உங்கள் இரும்பு கேனை நானே இறக்கினேன். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. கடைக்கு விரட்டிப் புதிது வாங்கி வரச் சொன்னேன். வந்ததும் ஆரம்பித்தேன். வாய்வரை ஊற்றாதே, வெயிலில் பெட்ரோல் பொங்கும், மேலே நாலு விரல் இடம் விடு. சாப்பாட்டோடு சேர்த்து வைக்காதே. ஸ்ரீசைலம் போனபோது நாம் செய்த காரியத்தையும் சொன்னேன். வாய்வரை நிரப்பிய கேனும் என் புளியோதரையும் ஒரே பையில். நல்லமலைக் காட்டுக்குள் பசியோடு பொட்டலத்தைப் பிரித்தால் குப்பென்று பெட்ரோல் வாடை. "விடு, வண்டிக்காவது சாப்பாடு இருக்கே" என்றீர்களே, அன்றைக்கு உங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

நித்யா சிரிக்கவில்லை. வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப நான் போலாமாம்மா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போகாதவளுக்கு யாராவது கேன் இறக்கிக் கொடுப்பார்களா? போய்விட்டு வா என்றேன். கட்டிக்கொண்டு அழுதாள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

பின்சீட்டில் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே எத்தனை ஊர் வந்திருக்கிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு பயப்படாமல் இருப்பது எப்படி? அதை நீங்கள் எனக்குச் சொல்லித்தரவே இல்லை.

புதன்கிழமை விடியற்காலையில் கிளம்புகிறாள். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மணிக்கொரு தரம் போன் செய்ய மாட்டேன். அவளாகக் கூப்பிடும்போது, குரல் நடுங்காமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன். திரும்பி வந்துவிடு என்று ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
நித்யாவின் அம்மா