இரண்டு பந்து தெரிந்த சாயங்காலம்

டேய், இன்று மத்தியானம் ஹாஸ்டல் வராந்தாவில் எவனோ முழங்காலுக்கு வலி ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். உன்னிடம் பேசாமல் இனி முடியாது என்று தோன்றியது. எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்து பிசினஸ் ஸ்கூலில் விளையாட்டு மேலாண்மை படிக்கப் போகிறேன் என்றபோது நீ நம்பவே இல்லை. "பந்தாட்டத்துக்கு ஒரு பிசினஸ் ஸ்கூலா? எங்கத்தா மாட்டுக் கயிறு விக்க எந்த ஸ்கூலுக்குடா போனாரு?" என்று வேலந்தாவளம் சந்தையில், உங்கள் கயிற்றுக்கடை முன்னால் வைத்து எல்லார் காதிலும் விழும்படி கேட்டாய். ஆனால் முதல் செமஸ்டர் லீவில் நான் வந்து, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் நம் செவன்ஸ் கால்பந்து டீமுக்கு நானே மேனேஜர் என்று அறிவித்துக்கொண்டபோது முதலில் தலையாட்டியவன் நீதான். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் ஓர் அணியை நடத்திக் காட்டி அறிக்கை எழுத வேண்டும் என்று எனக்குக் கல்லூரியில் வேலை கொடுத்திருந்தார்கள். "மேனேஜர் சாரு சொன்னாச் சரிங்க" என்று குனிந்து ஒரு கும்பிடு போட்டாய்.

பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் அறுவடை முடிந்த வயல். நெல்லுத்தாளை மிதித்துச் சமமாக்கி, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். அரையிறுதி ஆட்டம். கயிறு திரித்துக் காய்த்த கைக்குக் கிளவுஸ் எதற்கு என்று வெறுங்கையோடு கோலில் நின்றாய். பாய்ந்து பந்தைப் பிடித்தபோது எதிராளியின் முழங்கால் உன் நெற்றிப்பொட்டில் இடித்தது. நான் ஸ்ப்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். தலையில் அடிபட்டவனுக்குத் தோளில் ஸ்ப்ரே அடித்த மேனேஜர் நான்.

"டேய், ரெண்டு பந்து தெரியுதுடா" என்றாய்.

"அப்ப ரெண்டையும் புடிடா" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நடுவர் என்னைப் பார்த்து, "குழப்பமில்லல்லோ?" என்று, பிரச்சினை ஒன்றுமில்லையே என்று மலையாளத்தில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மாற்று கோல்கீப்பர் வெளியே தயாராகத்தான் இருந்தான். அவனை இறக்கினால் தோற்றுவிடுவோம், என் அறிக்கையில் எழுத இறுதி ஆட்டம் இருக்காது என்று பயந்தேன். நீ எழுந்து போய் நின்றாய். ஒரு பெனால்டியையும் தட்டிவிட்டாய், ஜெயித்தோம். திரும்பும் வழியில் ஜீப்பிலேயே மயங்கினாய். அதன் பிறகு கண் திறக்கவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் நீ இல்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹாவில் நம் டீம் ஆள் ஒருவன் அந்த ரெண்டு பந்துப் பேச்சை உங்கம்மாவிடம் சொல்லிவிட்டான். அழுதுகொண்டிருந்தவர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து நான் கடைக்குப் போகும்போதெல்லாம் அதுதான். "வா கண்ணு, உக்காரு. அந்த ரெண்டு பந்து சமாச்சாரத்தச் சொல்லு." உன் குரலில் பாதியும் என் குரலில் பாதியுமாகச் சொல்வேன். "மவுத்தாவறதுக்கு மொத நாளுகூடச் சிரிச்சுட்டுத்தான் இருந்திருக்கான் எம்புள்ள" என்பார். பிறகு எனக்கு டீ சொல்வார். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது.

போன மாதம் வகுப்பில் விளையாட்டுக் காயங்கள் பற்றிய பாடம். தலையில் அடிபட்டவரிடம் எதைக் கண்டால் உடனே வெளியே எடுக்க வேண்டும் என்று பேராசிரியை திரையில் ஒரு பட்டியல் போட்டார். மூன்றாவது வரி: பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிதல். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நானும்தான் எழுதினேன், கை அது பாட்டுக்கு எழுதியது. "அவங்க ஆடறேன்னுதான் சொல்லுவாங்க. முடிவு உங்களோடது" என்று அவர் அழுத்திச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை, படிப்பும் இல்லை. தெரியாமல் செய்ததுதானே என்று ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றபோது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. உங்கம்மா கடையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போல அந்தச் சமாச்சாரத்தைக் கேட்டார். சொன்னேன். ரெண்டு பந்து தெரிந்ததற்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன். உன்னைத் திரும்ப ஆட அனுப்பியது நான்தான் என்றேன்.

அவர் திட்டவில்லை. யாரோ ஒருவர் வந்து மூக்கணாங்கயிறு கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சிரிச்சுட்டே போனான்னு நெனச்சுட்டிருந்தனே கண்ணு. பயந்துட்டா போனான்?"

தெரியலைம்மா என்றேன்.

"நீதான பக்கத்துல நின்ன. ரோசன பண்ணிப் பாத்துச் சொல்லு."

பாரத்தை இறக்கிவைக்கப் போனவன், அவரிடம் மிச்சமிருந்த ஒரே சிரிப்பையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இனி நான் பாஸானால் என்ன, பெயிலானால் என்ன? ராவும் பகலும் அந்தக் கேள்விதான் கூடவே இருக்கிறது. நீ எழுந்து கோலுக்கு நடந்துபோனபோது உன் முகம் எப்படி இருந்தது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை. அவரிடம் போய் என்னடா சொல்வேன்? நான் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆட்டம் முடிய இன்னும் எத்தனை நிமிஷம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.